சாவடியும் சாப்பாட்டுக் கடையும்

காலை நடையில் கரையான்சாவடியிலிருந்து பூந்தமல்லி பஸ் நிலையம் வரை போய்த் திரும்புவது என் வழக்கம். முழங்கால் ஒத்துழைக்கும் நாட்களில் மட்டும். போன மாதம் ஒரு நாள் வழியில் உள்ள சாப்பாட்டுக் கடைகளை எண்ணிப் பார்ப்போமே என்று தொடங்கினேன். டிபன் சென்டர், ஆம்பூர் பிரியாணி, ஆந்திரா மெஸ், மலையாளி டீக்கடை, தள்ளுவண்டி இட்லி, ஏ.சி. போட்ட மாடி ஹோட்டல் என்று வந்துகொண்டே இருந்தன. நாற்பது வருஷம் அரசாங்கக் கணக்கு எழுதிய கைக்கே கணக்கு தவறிவிட்டது. பாதியில் நிறுத்திவிட்டு ஒரு டீ சொன்னேன்.

பக்கத்தில் நின்ற ஓர் இளைஞர், புதிதாக இங்கே குடி வந்தவர் போலும், கேட்டார்: "தாத்தா, கரையான்சாவடி, குமணன்சாவடி, வேலப்பன்சாவடி, இந்தப் பக்கம் எல்லாமே சாவடின்னு முடியுதே, சாவடின்னா என்ன?"

"வழிப்போக்கர் தங்குகிற இடம், தம்பி" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி வீடு வரை கூடவே வந்தது. அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

சாவடி என்பது கூரை போட்ட பொதுக் கட்டடம். வழிப்போக்கர் மூட்டையை இறக்கி வைத்துக் கண்ணயர்வார்கள். சில ஊர்களில் வரி வாங்குவதும் வழக்கு விசாரிப்பதும் அங்கேதான். வெள்ளைக்காரன் வாயில் இதே சொல்தான் சௌல்ட்ரி ஆயிற்று. அந்தக் காலத்துச் சென்னைப் பட்டணத்தில் சில்லறை வழக்குகளை விசாரித்த நீதிமன்றத்துக்கே சௌல்ட்ரி கோர்ட் என்று பெயர்.

நான் பாண்டிச்சேரிக்காரன், படித்தது பிரெஞ்சு மீடியம் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரிலும் பிரெஞ்சுக்காரர்கள் இதே சொல்லை எடுத்து ஷோத்ரி என்று ஆக்கிக்கொண்டார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே தமிழர்களின் வழக்குகளை விசாரித்த மன்றத்தின் பெயர் ஷோத்ரி நீதிமன்றம். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது ஏதோ பிரெஞ்சுச் சொல் என்றுதான் நினைத்தேன். நம்ம சாவடிதான் கோட்டு சூட்டு போட்டு நிற்கிறது என்று பின்னாளில்தான் தெரிந்தது.

சாவடியில் படுக்கலாம். சோறு? அதுதான் விஷயம். நம் முன்னோர்களுக்கு, சமைத்த சோற்றைக் காசுக்கு விற்பது கேவலமான காரியம். அன்ன விக்கிரயம் என்று சொல்லி ஒதுக்கி வைத்தார்கள். வழிப்போக்கன் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் சாவடித் திண்ணையில் மூன்று கல்லைக் கூட்டித் தானே பொங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் தர்மவான்கள் கட்டிய சத்திரத்தைத் தேடிப் போக வேண்டும்.

சத்திரத்துச் சோறு இலவசம்தான். ஆனால் பல சத்திரங்களில் யாருக்குச் சோறு என்பது கட்டியவர் எழுதிவைத்த சாசனத்திலேயே இருக்கும். இன்ன சாதியாருக்கு உள்ளே பந்தி, இன்னாருக்குத் திண்ணை, இன்னாருக்கு அரிசியாகக் கொடுத்து அனுப்பிவிடுவது, இன்னாருக்கு ஒன்றுமே இல்லை. பசி எல்லாருக்கும் ஒன்று, இலை மட்டும் ஒன்றில்லை.

பஞ்சம் வந்தபோது கதை கொஞ்சம் மாறியது. ஹைதர் அலியின் படையெடுப்பைத் தொடர்ந்து 1780-களின் தொடக்கத்தில் சென்னையைச் சுற்றிப் பெரும் பஞ்சம். கிராமங்களிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு 1782-இல் கறுப்பர் நகரத்தின் வடக்கே ஒரு கஞ்சி மையம் திறந்தார்கள். மணியக்காரர் சத்திரம் என்று பெயர். நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கும் இடமாக அது வளர்ந்து, பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வித்தாகியது. வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதைக் கேட்கலாம்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் பாரிஸில் என்ன நடந்தது என்பது வேடிக்கை. ரெஸ்டாரண்ட் என்று இன்று நாம் சொல்கிறோமே, அது முதலில் கடையின் பெயரே அல்ல, கஞ்சியின் பெயர்! ரெஸ்தோரே என்றால் பிரெஞ்சில் தெம்பை மீட்டுக் கொடுப்பது. இறைச்சியைக் கொதிக்க வைத்து வடித்த சாற்றுக்கு ரெஸ்தோரான் என்று பெயர். 1760-களில் பாரிஸில் சிலர் இந்தச் சாற்றை, உடம்புக்கு முடியாதவர்கள் வந்து உட்கார்ந்து குடிக்கிற மாதிரி கடை வைத்து விற்றார்கள். சாற்றின் பெயர் கடைக்கு வந்துவிட்டது.

அதற்கு முன் பாரிஸ் சத்திரங்களில் தாப்ல் தோத் என்று ஒரே நீள மேஜை. குறிப்பிட்ட நேரத்தில் போக வேண்டும், போட்டதைத் தின்ன வேண்டும். புதிய கடையில் தனித்தனி மேஜை. வேண்டிய நேரத்தில் போகலாம், அட்டையில் பார்த்து வேண்டியதைக் கேட்கலாம். நீ யார், எந்தக் குடும்பம் என்று கேட்க மாட்டார்கள். பணம் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. 1789 புரட்சிக்குப் பிறகு இப்படிப்பட்ட கடைகள் அங்கே பெருகின.

ஹோட்டல் என்ற சொல்லும் எங்கள் ஆட்களுடையதுதான். பிரெஞ்சில் ஒத்தேல் என்றால் மாளிகை. நகரசபைக் கட்டடம் ஒத்தேல் த வீல். பாரிஸின் பழைய பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒத்தேல் தியெ, அதாவது கடவுளின் மாளிகை. நான் முதன்முதலில் சென்னைக்கு வந்து 'ஹோட்டல்' என்ற பலகையைப் பார்த்து உள்ளே போய் ரூம் கேட்டேன். கல்லாவில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரூம் இல்ல சார், ரவா தோசை இருக்கு" என்றார்.

சரி, சென்னையில் காசுக்குச் சோறு விற்பது எப்படி வந்தது? ரயிலும் ஆபீஸும் கொண்டு வந்தவைதான். ஊரை விட்டு வந்த குமாஸ்தா, வக்கீல், மாணவன் என்று ஆயிரக்கணக்கில் தனி ஆண்கள் பட்டணத்தில் சேர்ந்தார்கள். சமைத்துப் போட வீட்டில் ஆளில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் காப்பியும் பரவத் தொடங்கியது. காப்பி கிளப் என்றும் காப்பி ஹோட்டல் என்றும் கடைகள் முளைத்தன. மவுண்ட் ரோட்டில் டாஞ்சலிஸ் போன்ற வெள்ளைக்கார ஹோட்டல்கள் இருந்தன. அந்த டாஞ்சலிஸ்தான் 1910-இல் தானே செய்வித்த விமானத்தைச் சென்னையில் ஓட்டிக் காட்டிய மனிதர். ஆனால் அது நம்மவர் நுழையும் இடமல்ல. நம்மவருக்கு காப்பி கிளப்தான்.

அன்ன விக்கிரயம் பாவம் என்ற தயக்கத்தைத் தாண்டுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சமைப்பவர் பிராமணர் என்று பலகை எழுதி வைத்தால், யாரும் மறுக்காமல் சாப்பிடுவார்கள். பெரும்பாலான சைவக் கடைகள் அப்படித்தான் பிராமணாள் காப்பி கிளப் ஆயின. அதோடு நின்றிருந்தால் வியாபார தந்திரம் என்று விட்டுவிடலாம். உள்ளே பிராமணர்களுக்கு ஓர் அறை, மற்றவர்களுக்கு வேறு இடம் என்று தடுப்பும் வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வாசற்படியே கிடையாது. பழைய சத்திரத்துப் பந்தி, காசு வாங்கிய பிறகும் கலையவில்லை. பாரிஸ் கடையில் பையில் பணம் இருந்தால் போதும். இங்கே பணம் இருந்தும் போதவில்லை.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் எழுத வேண்டும். சைவ ஹோட்டல் என்றால் சுத்தம், ருசி, வேகம் என்று சென்னைக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் தென் கன்னடத்து உடுப்பிக்காரர்கள். கடந்தலெ கிருஷ்ணராவ் சிறு வயதில் மடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து, ஹோட்டலில் எடுபிடியாகத் தொடங்கி, 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் திறந்தார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த தாசப்பிரகாஷ், சீதாராம ராவ் என்ற இன்னொரு உடுப்பிக்காரர் கட்டியது. நம் பக்கத்திலிருந்து சென்ட்ரலுக்குப் போனவர்கள் அந்தக் கட்டடத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்காமல் போயிருக்க முடியாது. இன்று அது இல்லை.

திருவல்லிக்கேணியில் ரத்னா கபே 1948-இல் வந்தது. சாம்பாரில் இட்லி மிதக்கும் காட்சியை அங்கே பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மவுண்ட் ரோட்டில் 1951-இல் புஹாரி ஹோட்டல் வந்தது. சிக்கன் 65 என்று உலகமே சொல்கிறதே, அது 1965-இல் அங்கே பிறந்தது என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. முஸ்லிம்கள் நடத்திய ஹோட்டல்களில் சாதி கேட்கும் வழக்கமே இல்லை.

மிலிட்டரி ஹோட்டல் என்று நாம் சொல்லும் அசைவக் கடைகளும் அப்படித்தான். 1930-களில் மதுரைப் பக்கம் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டிக்காரர்கள் தொடங்கிய முனியாண்டி விலாஸ் கடைகள் இன்று தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. அந்த ஊர் முனியாண்டி கோயிலில் வருஷா வருஷம் கடைக்காரர்கள் கூடி, சாமிக்குப் படைத்து, பிரியாணியையே பிரசாதமாக ஊருக்கெல்லாம் கொடுக்கிறார்கள்.

இனி அந்தத் தடுப்புகள் எப்படிப் போயின என்பதைச் சொல்கிறேன். தானாகப் போகவில்லை.

முதலில் ரயில்வே. ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்தது. டிக்கெட் விலை ஒன்று, இஞ்சின் ஒன்று, ஆனால் இட்லி தின்ன இரண்டு அறை. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் விடாமல் கிளர்ச்சி செய்ததில், 1941-இல் ரயில்வே அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டது.

அடுத்தது சட்டம். 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, கடை, பொது உணவகம், ஹோட்டல் எதிலும் சாதி, மதம், பால் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 17-ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. அதன் 4-ஆவது பிரிவை நான் அலுவலக நூலகத்தில் படித்திருக்கிறேன். ஹோட்டலுக்குள் நுழைய விடாமல் தடுப்பது குற்றம் என்பதோடு நிற்கவில்லை. ஹோட்டலில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்று தனியாக எழுதியிருந்தது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாத்திரம் என்ற சொல்லை ஏன் மெனக்கெட்டுத் தனியாகச் சேர்த்தார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்த கதையைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது திருவல்லிக்கேணி. உள்ளே தடுப்பு போனாலும் வெளியே பலகையில் பிராமணாள் என்ற சொல் நின்றது. அந்தச் சொல்லை எடுக்க வேண்டும் என்று பெரியார் அறிவித்ததும் பல ஹோட்டல்காரர்கள் எடுத்துவிட்டார்கள். திருவல்லிக்கேணி முரளி கபே எடுக்கவில்லை. 1957-இல் அதன் வாசலில் திராவிடர் கழகத்தார் மறியல் தொடங்கினார்கள். தினமும் சிலர் வருவார்கள், கைதாவார்கள், மறுநாள் வேறு சிலர் வருவார்கள். மாதக்கணக்கில் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். கடைசியில் 1958-இல் பலகையிலிருந்து அந்தச் சொல் போயிற்று. அந்தக் கிளர்ச்சி பற்றி வாசகர்களிடையே இரண்டு கருத்து இருக்கலாம். ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான்.

இனி என் கதை.

பாண்டிச்சேரியில் என் அப்பா ஹோட்டலில் சாப்பிடும் வழக்கம் இல்லாதவர். பிரெவே பரீட்சை பாஸ் செய்த அன்று மட்டும் என்னை நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸுக்குக் கூட்டிப் போனார். அந்தக் காபி ஹவுஸ்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. காபி போர்டு நடத்திக்கொண்டிருந்த கடைகளை 1950-களில் மூட முடிவு செய்தபோது, வேலையிழந்த தொழிலாளர்களை ஏ.கே. கோபாலன் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். தலைப்பாகையும் இடுப்புப் பட்டையும் கட்டிக்கொண்டு காப்பி கொண்டு வருபவர்தான் அங்கே முதலாளி. அப்பாவுக்கு இது தெரிந்திருந்தது. "பார்த்துப் பேசுடா, அவர் கடை இது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

1973-இல், 22 வயதில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எல்.டி.சி. வேலை கிடைத்துச் சென்னை வந்தேன். திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறை, மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு. காலையில் இரண்டு இட்லி, ஒரு வடை, காப்பி, எல்லாம் ஒரு ரூபாய்க்குள் முடியும். மதியம் மெஸ்ஸில் மாத டிக்கெட். முதல் தேதி புத்தகமாக வாங்கி, தினமும் ஒன்று கிழித்துக் கொடுக்க வேண்டும். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் புத்தகம் மெலிந்துவிடும், நாங்களும் மெலிந்துவிடுவோம்.

எங்கள் பிரிவில் ஒரு பியூன் இருந்தார். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவர் குடும்பத்தாரைக் கேட்காமல் பெயர் போடுவது முறையல்ல. பெரியவர் என்றே எழுதுகிறேன். ஆனால் அன்று நான் அவரைப் பெரியவரே என்று கூப்பிடவில்லை. இருபத்திரண்டு வயதுப் பயல் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் என்னை சார் என்பார்.

தினமும் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் பெரியவர் பெரிய பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு தெருமுனை ஹோட்டலுக்குப் போய், பிரிவுக்கே காப்பி வாங்கி வருவார். டம்ளர் டம்ளராக ஊற்றி ஒவ்வொரு மேஜையிலும் வைப்பார். அவர் மட்டும் குடிக்க மாட்டார். "எனக்கு ஒத்துக்காது சார்" என்பார். மாலையில் யாராவது டிபனுக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று கழன்றுகொள்வார். எட்டு வருஷம் இப்படிப் போயிற்று. எட்டு வருஷத்தில் ஏன் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

1981-இல் அவர் ஓய்வு பெற்றார். அலுவலகத்தில் மாலை போட்டு, மைசூர்பாகும் மிக்சரும் கொடுத்து, நாலு பேர் நாலு வார்த்தை பேசினோம். அதன்பின் நாங்கள் மூன்று பேர் விடாப்பிடியாக அவரை ஹோட்டலுக்கு அழைத்துப் போனோம். எட்டு வருஷமாகப் பிளாஸ்க் நிரப்பிய அதே ஹோட்டல். வாசலில் தயங்கினார். "பின்வாசல் இந்தப் பக்கம் சார்" என்றார். காப்பி வாங்க அவர் போனதெல்லாம் சமையற்கட்டுப் பின்வாசலுக்குத்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். யாரும் அவரை அங்கே போகச் சொல்லவில்லை. அவராகவே போயிருக்கிறார்.

கைபிடித்து உள்ளே கூட்டிப்போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தோம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தோசை சாப்பிட்டார். டவரா டம்ளரில் காப்பி வந்தது. ஆற்றி, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார். எனக்கு ஒத்துக்காது என்று எட்டு வருஷம் சொன்னவர், குடித்து முடித்து "நல்லாருக்கு சார்" என்றார். பிறகு எழுந்தார். டவராவையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு கைகழுவும் குழாய்க்குப் போனார். இரண்டையும் கழுவினார். பக்கத்துத் திட்டில் கவிழ்த்து வைத்தார்.

சப்ளையர் ஓடி வந்தார். "என்ன பெரியவரே, இதெல்லாம் நாங்க பாத்துக்க மாட்டமா? உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே டம்ளரை எடுத்தார். பெரியவர் என்று அவரை முதலில் கூப்பிட்டவர் அந்தச் சப்ளையர்தான். நாங்கள் மூன்று படித்தவர்கள் அல்ல.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பெரியவர் தானாகச் சொன்னார். சின்ன வயதில் ஊரில் டீக்கடையில் இவர்களுக்குத் தனி டம்ளர். கூரை ஓரத்தில் செருகி வைத்திருக்கும். தானே எடுத்து, மேலே இருந்து ஊற்றுவதை வாங்கிக் குடித்து, தானே கழுவி, திரும்ப அங்கேயே செருகிவிட்டுப் போக வேண்டும். "கை பழகிப்போச்சு சார். இன்னிக்கு மறந்துட்டேன்" என்றார். மறந்துட்டேன் என்று அவர் சொன்னது எதை என்று யோசித்துப் பாருங்கள். எங்கே இருக்கிறோம் என்பதை.

சட்டத்தில் பாத்திரம் என்ற சொல்லைத் தனியாகச் சேர்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. சட்டம் வந்து அப்போது 26 வருஷம். ஹோட்டல் கதவு திறந்துதான் கிடந்தது. கதவு திறந்திருக்கிறது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பலகையில் ஒரு சொல்லுக்காகவா மறியல் என்று அதன்பிறகு நான் யாரிடமும் கேட்டதில்லை. ஒரு சொல் ஒருவரைப் பின்வாசலுக்கு எத்தனை வருஷம் அனுப்பும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பஸ் நிறுத்தத்தில் அவர் இன்னொன்றும் சொன்னார். "எங்க ஊர்ப் பக்கம் மனை போடறாங்க சார். கரையான்சாவடி. இப்ப வாங்கினா உண்டு." நான் இந்த ஊருக்கு வந்தது அந்த ஒரு வாக்கியத்தால்தான். வீடு கட்டும்போது தினமும் வந்து செங்கல்லை எண்ணி வாங்கி வைத்தவரும் அவரே. கிரகப்பிரவேசத்தன்று முதல் பந்தியில் உட்கார வைத்தேன். பிகு பண்ணாமல் உட்கார்ந்தார். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது.

பெண்கள் கதையையும் விடக் கூடாது. நான் வந்த காலத்தில் ஹோட்டலில் தனியாக ஒரு பெண் உட்கார்ந்து காப்பி குடித்தால் நாலு மேஜை திரும்பிப் பார்க்கும். அதற்காகத்தான் பேமிலி ரூம். பலகைத் தடுப்பும் எண்ணெய்ப் பிசுக்கேறிய திரையும் போட்ட சின்ன அறை. எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மையார்கள் மூன்று பேர் சேர்ந்தால்தான் அங்கே போவார்கள். கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வியர்த்து வழிய, ரகசியம் போலப் பூரி தின்றோம். திறந்த கூடத்தில் உட்கார்ந்து முதலில் அவள் சாப்பிட்டது கதீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில். 1962-இல் கிருஷ்ணராவ் திறந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினால் கார் கதவில் தட்டு மாட்டுவார்கள். கார் இல்லாத எங்களைப் போன்றவர்கள் உள்ளே உட்காரலாம். ஒரு காப்பிக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள். 2008-இல் மூடினார்கள். அந்த இடம் 2010-இல் செம்மொழிப் பூங்கா ஆயிற்று.

இன்று யாரும் யாரையும் சாதி கேட்டு உட்கார வைப்பதில்லை, பட்டணத்தில். கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் பற்றிய செய்தி இன்னும் அவ்வப்போது பேப்பரில் வரத்தான் செய்கிறது. பட்டணத்தில் இப்போது பணம்தான் அறை பிரிக்கிறது. ஒரே கல்லில் வார்த்த தோசைக்குக் கீழே ஒரு விலை, ஏ.சி. கூடத்தில் ஒரு விலை. பாரிஸ்காரன் 250 வருஷம் முன்பு கண்டுபிடித்ததை நாம் எட்டிப் பிடித்துவிட்டோம். காசில்லாதவர்களுக்கு 2013-இல் அம்மா உணவகம் வந்தது. இட்லி ஒரு ரூபாய். எனக்குப் பார்த்ததும் மணியக்காரர் சத்திரம் ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். ஒரு ரூபாய் கொடுத்துச் சாப்பிடுபவர், தர்மச் சோறு சாப்பிடுபவர் அல்ல. அவர் வாடிக்கையாளர். நான் பார்த்தவரை அங்கே நிமிர்ந்து நின்றுதான் சாப்பிடுகிறார்கள்.

கடைசியாக, இந்தக் கட்டுரையைத் தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். கரையான்சாவடியில் சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஹோட்டல் வாசல்களில் சாப்பாடு டெலிவரி செய்யும் பிள்ளைகள் பைக் மேல் சாய்ந்துகொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதுகில் பெரிய பை. உள்ளே நாற்காலி காலியாக இருந்தாலும் பெரும்பாலும் உட்கார மாட்டார்கள். சில கடைகளில் உட்கார விடுவதும் இல்லை. பார்சல் வாங்க பக்கவாட்டில் ஒரு ஜன்னல். ஊருக்கெல்லாம் சூடாகச் சோறு கொண்டுபோகிறவர்கள் அந்த ஜன்னலில் கை நீட்டி வாங்கும்போதெல்லாம் எனக்குப் பெரியவர் கையிலிருந்த பிளாஸ்க் ஞாபகம் வருகிறது.

போன வாரம் மழை. நான் வழக்கமாகப் போகும் டிபன் கடையில் மூன்று பிள்ளைகள் ஓலைக் கூரை ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றார்கள். "உள்ளே வந்து உக்காருங்கப்பா" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கல்லாவைப் பார்த்தார்கள். கல்லாவில் இருந்த அம்மாள் கணக்கு எழுதிக்கொண்டே, "வாங்கடா, சும்மா உக்காருங்க. ஆர்டர் ரெடியாக இன்னும் பத்து நிமிஷம் ஆகும்" என்றார். வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலியின் நுனியில்தான். நான் நாலு காப்பி சொன்னேன். ஏன் இந்தத் தாத்தா வாங்கிக் கொடுக்கிறார் என்று அவர்களுக்கு விளங்கியிருக்காது. இந்த முறை எட்டு வருஷம் காத்திருக்க எனக்கு வயசு இல்லை.

நண்பர்களே, நீங்கள் முதன்முதலில் எந்த ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், யார் கூட்டிப் போனார்கள், உங்கள் வீட்டில் யார் வரவே மாட்டேன் என்றார்கள் என்பதை எழுதுங்கள். தாசப்பிரகாஷ், பழைய பூந்தமல்லிக் கடைத்தெரு டீக்கடைகள் ஞாபகம் உள்ளவர்கள் அவசியம் எழுதுங்கள். அடுத்த கட்டுரையில் சேர்த்துவிடலாம்.